நெய்வேலித் திட்டத்தில் கூலியாளுக்கு எழுதிய பங்கு எது?

தோழர்களே,

மட்டாஞ்சேரியில் நம் வாடகை அறைகளில் எரியும் விளக்குக்கும் நெய்வேலிக்கும் தொடர்பு உண்டு. அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் கேரளத்துக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே, "அது கடலூர்க்காரன் பிரச்சினை" என்று நாம் ஒதுங்க முடியாது.

1956இல் நெய்வேலி நிறுவனம் பிறந்தது. சோவியத் உதவியோடு எழுந்த 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் வயதாகி, 2020இல் மூடப்பட்டது. அதற்கு மாற்றாக 1000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டது. இயந்திரத்துக்கு எப்போது ஓய்வு, அடுத்தது எது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். நல்லது. மனிதனுக்கு அந்தக் கணக்கு உண்டா?

2023இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகியவற்றை மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் சேர்த்தது. டெல்டா விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள்; மாநில அரசும் எதிர்த்தது. அந்த ஏப்ரலிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கேட்டதால் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், சுரங்கத்துக்குக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. எப்போதோ கையகப்படுத்திய நிலம் என்றது நிர்வாகம். பயிர் நிற்கிறதே என்றான் விவசாயி.

பட்டா உள்ளவன் பாடே இப்படி என்றால், பட்டாவே இல்லாதவன் கதி? 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. ஆனால் நிலமெடுப்புக்கு முந்தைய மூன்றாண்டுகள் அங்கே அவர்கள் வேலை செய்திருக்க வேண்டும். சுரங்கத்துக்காக இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். சுற்றுக் கிராமங்களில் கிணறு வற்றுகிறது என்பது நெடுநாள் புகார். தண்ணீர் இல்லாமல் நடவு குறைந்தால், கூலியாள் முதலில் மூட்டை கட்டுகிறான். கொச்சிக்கு வந்து சுமை தூக்குகிறான். மூன்றாண்டு கழித்து நிலத்தை எடுக்கும்போது அவன் பெயர் பட்டியலில் எப்படி இருக்கும்? பாதிப்பால் ஊரைவிட்டவனே பாதிக்கப்படாதவன் ஆகிவிடுகிறான்!

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருட்டில் வாழ்ந்தவர்களுக்கு வெளிச்சத்தின் அருமை தெரியும். நாம் கேட்பது மூன்றே:

1. சுரங்கம் விரிவாக்கும் முன், வெளியூர் போன கூலிக் குடும்பங்களையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும்.

2. எந்த ஊர், எந்த ஆண்டு என்ற முழுத் திட்டத்தையும் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

3. நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் வரும் நாளில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன வேலை என்பதை இன்றே எழுத்தில் தர வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் போகும் கடலூர் மாவட்டத் தோழர்கள், கூலி நாலு நாள் போனாலும், ஜனவரி 26 கிராம சபை வரை தங்குங்கள். முதல் கேள்வியை நீங்களே எழுந்து கேளுங்கள். போனவன்தானே என்று அவர்கள் நினைக்கட்டும். பெயரைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.