வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் துத்தநாக மாத்திரை ஏன்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுமுறைக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இதனால் சரியான கரைசலை அடையாளம் காண்பது எளிதாகியுள்ளது. ஆனால் சிகிச்சையின் மறுபாதியான துத்தநாக மாத்திரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், குடிநீர் மாசடையும் வாய்ப்பு ஆண்டில் இருமுறை ஏற்படுவதால், இதனை அறிந்திருப்பது அவசியமாகும்.

துத்தநாகத்தின் பணி என்ன?

உணவைச் செரிப்பது முதல் புதிய உயிரணுக்களை உருவாக்குவது வரை, உடலின் வேதிவினைகளை நொதிகள் விரைவுபடுத்துகின்றன. நொதி என்பது பெரும்பாலும் புரதமே. ஆயினும் பல நொதிகளில் ஓர் உலோக அயனி உரிய இடத்தில் பொருந்தியிருந்தால்தான் அவை இயங்கும். 1940-இல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியில் துத்தநாகம் இருப்பது கண்டறியப்பட்டது. இன்று அத்தகைய நொதிகள் 300-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. சான்றாக, கணையம் சுரக்கும் கார்பாக்சிபெப்டிடேஸ் உணவிலுள்ள புரதத்தைச் சிதைக்கிறது. அதிலுள்ள துத்தநாகத்தை நீக்கிவிட்டால், நொதி இருந்தும் வினை நடைபெறாது.

ஏன் 14 நாள்கள்?

வயிற்றுப்போக்கின்போது மலத்துடன் துத்தநாகமும் வெளியேறுகிறது. இரும்புச்சத்தைப் போல இதனைச் சேமித்து வைக்கும் தனி இருப்பு உடலில் இல்லை. சோறும் மரச்சீனிக்கிழங்குமே முதன்மை உணவாக உள்ள குழந்தைக்கு உணவின் வழியே கிடைக்கும் அளவும் குறைவு. குடற்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் துத்தநாகம் தேவை. மலம் கெட்டியானவுடன் மாத்திரையை நிறுத்தினால், இழப்பு ஈடுசெய்யப்படாமல் நின்றுவிடும். முழுமையாகக் கொடுத்தால் நோயின் கடுமை குறைவதுடன், அடுத்த 2 முதல் 3 மாதங்களுக்கு மீண்டும் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பும் குறைகிறது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் இதனைப் பரிந்துரைத்தன.

கொடுக்கும் முறை

• 2 முதல் 6 மாதம் வரை: நாளொன்றுக்கு 10 மி.கி. (20 மி.கி. மாத்திரையில் பாதி), தாய்ப்பாலில் கரைத்து.
• 6 மாதம் முதல் 5 வயது வரை: நாளொன்றுக்கு 20 மி.கி., தாய்ப்பாலில் அல்லது காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து.
• ஓ.ஆர்.எஸ். கரைசல், தாய்ப்பால், வழக்கமான உணவு ஆகியவற்றை நிறுத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

அளவுக்கு மீறிய துத்தநாகம், வேறு நொதிகளுக்குத் தேவையான தாமிரத்தைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கும். எனவே, குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் மருத்துவர் ஆலோசனையின்றித் தொடரக் கூடாது.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், சோர்ந்த மயக்கம், நீர் அருந்த இயலாமை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குழந்தையை அழைத்துச் செல்லவும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.