கனடா போறீங்களா? பி.எப். பென்ஷன் பணத்தில் கை வைக்காதீங்க!

திருச்சி: சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ்சுக்கு நிற்கும் வெல்டர், பிட்டர்களில் வெளிநாட்டு ஆசை இல்லாதவர் குறைவு. விசா கிடைத்ததும் பலர் பி.எப். பணத்தை மொத்தமாக வழித்து எடுத்துவிடுகிறார்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்கணுமே! போகிற இடம் கனடா என்றால் கொஞ்சம் பொறுங்க.

கனடாவில் 65 வயதானால் அரசே முதியோர் பென்ஷன் தருகிறது. இதற்கென்று சம்பளத்தில் தனிப் பிடித்தம் இல்லை. குடியுரிமைகூட கட்டாயம் இல்லை. சட்டப்படி குடியிருந்தால் போதும். 18 வயதுக்குப் பிறகு 40 வருஷம் இருந்தவருக்கு முழுத்தொகை; 2025 கடைசியில் அது மாதம் சுமார் 740 டாலர். 10 வருஷம் இருந்தவருக்கு அதில் கால்வாசி, 185 டாலர்.

வயசான காலத்தில் போய், 10 வருஷம் தேறாதவர் கதி? அங்கேதான் பி.எப். கைகொடுக்கிறது. இந்தியா - கனடா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. துவாக்குடி கம்பெனியில் 6 வருஷம் பி.எப். பென்ஷன் திட்டத்தில் இருந்தவர், கனடாவில் 4 வருஷம் குடியிருந்தால் 10 வருஷக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் காசு அந்த 4 வருஷத்துக்குத்தான். நாற்பதில் நாலு பங்கு, 74 டாலர்.

சிக்கல் 10சி படிவத்தில் இருக்கிறது. 10 வருஷத்துக்குக் குறைவான சர்வீஸ் உள்ளவர் இதைக் கொடுத்து பென்ஷன் பணத்தை வாங்கிவிட்டால், அந்த சர்வீஸ் அதோடு போச்சு. அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ கேட்கலாம். பி.எப். பணத்தை எடுத்தாலும் சர்வீஸ் அப்படியே நிற்கும். கம்பெனியில் இதை யார் சொல்கிறார்கள்?

ஸ்ரீரங்கத்துப் பெற்றோர்களுக்கும் ஒரு விஷயம். பிள்ளைகள் அழைத்து ‘சூப்பர் விசா’வில் போனால் விருந்தாளிக் கணக்குதான், அந்த வருஷங்கள் பென்ஷனுக்கு சேராது. பி.ஆர். வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் பென்ஷன் வந்துகொண்டிருக்க 20 வருஷக் கணக்கு காட்டணும். அதிலும் இந்திய சர்வீஸ் சேரும்.

ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியாவோடும் இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் போகிற சிங்கப்பூர், துபாய், கத்தாரோடு இல்லை. அங்கே 20 வருஷம் வெயிலில் வெந்தாலும் அந்த நாட்டு அரசு பென்ஷன் கிடையாது. அவர்கள்தான் சர்டிபிகேட்டை இன்னும் பத்திரமாக வைக்கணும். திரும்பி வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தால் பழைய சர்வீஸ் கூடும். மொத்தம் 10 வருஷம் ஆனால், 58 வயதில் இந்திய பென்ஷன் உண்டு.