பூனைக்கும் ஊர் எது என்று கேட்கிறார்கள்

வெளிநாட்டில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டால், ஒரு குடும்பம் மூட்டை கட்டிப் புறப்பட ஒரு மாதம் போதும். அந்த வீட்டில் வளரும் பூனை புறப்படுவதற்கோ நான்கு மாதம் வேண்டும். இந்த மூன்று மாத வித்தியாசத்தில்தான் பல வீடுகளில் பூனை பின்தங்கி விடுகிறது. அக்கம்பக்கத்தில் யாராவது வாங்கிக்கொண்டால் அதன் அதிர்ஷ்டம்; இல்லாவிட்டால் தெருதான் கதி.

ஒரு காலத்தில் இது பணக்காரர்களின் கவலை. இன்று மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்களின் பிள்ளைகள் லண்டனுக்கும் பெர்லினுக்கும் போகிறார்கள். ஆகவே இந்தச் சட்டதிட்டங்கள் எதற்காக ஏற்பட்டன, எங்கே கடுமை, எங்கே தளர்ச்சி என்பதைச் சாதாரணக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நாய் செய்த பாவம்

தடையாக நிற்பது பூனை அல்ல; ரேபிஸ் என்னும் வெறிநோய். உலகில் இந்த நோயால் இறப்பவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தியாவில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய் கடித்துத்தான். பூனைக்கும் நாயிடமிருந்தே தொற்றுகிறது. ஆனால் விமான நிலையத்தில் நாய்க்கும் பூனைக்கும் ஒரே கேள்விதான்: எந்த நாட்டிலிருந்து வருகிறாய்?

பிரிட்டன் நெடுங்காலம் வெளியிலிருந்து வரும் பூனைகளை ஆறு மாதம் கூண்டில் அடைத்து வைத்திருந்தது. 2000-ல் சில நாடுகளுக்கு மட்டும் இது தளர்த்தப்பட்டது. இந்தியா போன்ற நாடுகளுக்கு 2012 ஜனவரி 1-ந் தேதி முதல்தான் விமோசனம் கிடைத்தது. இப்போதைய முறையே வேறு. முதலில் பூனையின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்த வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. அதற்கு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி போதிய அளவு இருந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகளிலும் இதே விதிதான்.

அதாவது ஜனவரி முதல் தேதி ஊசி போட்டால், பூனை லண்டனில் இறங்க மே மாதம் பிறந்துவிடும். ஊசி போடுமுன்பே உடம்பில் நோய் புகுந்திருந்தால், அது வெளிப்படுவதற்கு அவகாசம் கொடுப்பதே இந்த மூன்று மாதத்தின் நோக்கம். ஆகவே இதை வெறும் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது.

ஒரே பூனை, இரண்டு நீதி

ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகள் ஐரோப்பாவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே வளர்ந்த பூனை ஐரோப்பா போக ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், மூன்று மாதக் காத்திருப்பும் வேண்டாம். துபாயில் இருக்கும் தமிழர் வீட்டுப் பூனைக்குச் சுலபமாகத் திறக்கும் கதவு, செம்பூரில் இருக்கும் அதன் உடன்பிறப்புக்குத் திறப்பதில்லை.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேல். அதன் பட்டியலில் இந்தியா இல்லாததால், இங்கிருந்து பூனை நேராக அங்கே போகவே முடியாது. அங்கீகாரம் பெற்ற வேறொரு நாட்டில் அரை வருடம் தங்கிப் போக வேண்டும். போன பிறகும் மெல்போர்ன் அருகே அரசாங்கத் தனிமை நிலையத்தில் இருக்க வேண்டும். 1957-க்குப் பிறகு உள்நாட்டு விலங்குகளில் வெறிநோயே காணாத ஜப்பான், ரத்தம் எடுத்த பின் 180 நாள் காத்திருக்கச் சொல்கிறது.

அமெரிக்கா நேர்மாறு. 2024 ஆகஸ்டில் நாய்களுக்கு விதிகளைக் கடுமையாக்கிய அந்த நாடு, பூனைக்கு மத்திய அரசு அளவில் தடுப்பூசிச் சான்றுகூடக் கேட்பதில்லை. மாநிலங்களும் விமானக் கம்பெனிகளும் கேட்கலாம். ஹவாய்த் தீவுகளில் தனிச் சட்டம்.

நாட்டுக்குள் விட்டாலும் வீட்டுக்குள் விட வேண்டுமே! சிங்கப்பூரில் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான், உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதித்தார்கள்.

திரும்பி வரும்போது

நம் நாட்டுச் சட்டமும் இளைத்ததல்ல. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருபவர் மட்டுமே, இரண்டு செல்லப் பிராணிகள் வரை தம் சாமானோடு கொண்டுவரலாம் என்று 2013 ஏப்ரலில் சுங்கத்துறை சுற்றறிக்கை விடுத்தது. ஓராண்டு ஒப்பந்தத்தில் போனவர் என்ன செய்வார்?

அவசரம் வந்தால் சட்டம் வளையும் என்பதையும் பார்த்தோம். 2022-ல் உக்ரைன் யுத்தத்தின்போது, வளர்ப்புப் பிராணிகளை விட்டு வரமாட்டோம் என்று சில இந்திய மாணவர்கள் உறுதியாக நின்றார்கள். மத்திய அரசு அந்த ஒரு தடவைக்கு விதியைத் தளர்த்தி அனுமதித்தது. மனது வைத்தால் வழி உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

பரிகாரம் எங்கே?

உண்மையான பரிகாரம் உள்நாட்டில்தான் இருக்கிறது. கோவாவில் நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு, 2021-ல் அது வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கோவாப் பூனைக்கும் லண்டனில் சலுகை கிடையாது. அந்நியர் பார்வையில் இந்தியா முழுவதும் ஒன்றே. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்க 2021-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் வெளியிட்டது. அது காகிதத்தோடு நிற்காமல் நிறைவேறினால் முதல் பலன் தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தைகளுக்கு. பூனைக்குக் கிடைக்கும் வழி அதன் உபபலன்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிநாட்டு யோசனை வீட்டில் எழுந்த அன்றே, விசாவுக்குக் காத்திராமல், பூனைக்குச் சிப் பொருத்தி ஊசி போட்டுவிட வேண்டும். சிப்புக்கு முந்திப் போட்ட ஊசி கணக்கில் வராது. பலர் இடறுவது இங்கேதான். தடுப்பூசியைக் கெடு தவறாமல் தொடர்ந்தால், ஒருமுறை தேறிய ரத்தப் பரிசோதனையைப் பிரிட்டனும் ஐரோப்பாவும் மறுபடி கேட்பதில்லை. பிரயாணமே நடக்காமல் போனாலும் நஷ்டமில்லை. வீட்டுக்கு ஆபத்தில்லாத பூனை மிச்சம்.

வேலைக்குப் போகிறவனுக்குக் கம்பெனி அவகாசம் தராது. பூனைக்கு வேண்டிய அவகாசத்தை வீட்டார்தான் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும்.