கடலுக்கும் கணக்கு உண்டு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கடலிலிருந்து எடுப்பதையும் அளந்தே எடுத்தல் வேண்டும் என்பது அறிவியல் தரும் பாடம்.

ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் புதுச்சேரித் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மீன்கள் இனம் பெருக்குதற்காக அரசு விதிக்கும் தடைக்காலம் அது. மேலைக் கடற்கரையில் உள்ள மாகியும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டதே. ஆயினும் அங்கே தடை சூன் 1 முதல் சூலை 31 வரை. ஆட்சி ஒன்றாயினும் கடல்கள் இரண்டு, பருவங்களும் இரண்டு. ஆட்சி எல்லையை மீன் அறியாது.

காலத்தை வகுத்தால் மட்டும் போதாது; அளவையும் அறிதல் வேண்டும். அதற்குத் துணை நிற்பது கணிதம். அமெரிக்க அறிஞர் மில்னர் சேபர் 1954-இல் வகுத்த முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கடற்பகுதி 1000 டன் மீனைத் தாங்கும் என்றும், நெருக்கடி இல்லாதபோது மீன்கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் பெருகும் என்றும் கொள்வோம். அங்கே 900 டன் மீன் இருப்பின், இரையும் இடமும் போதாமையால், ஓராண்டில் 36 டன்னே பெருகும். 500 டன் இருப்பின் 100 டன் பெருகும். 100 டன்னாகக் குறைந்துவிட்டாலோ, தாய்மீன்கள் அருகியமையால், மீண்டும் 36 டன்னே பெருகும்.

வளமான கடலும் வறண்ட கடலும் ஒரே 36 டன்னைத் தரக்கூடும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் உண்மை. ஆதலின் கரைக்கு வந்த மீனை மட்டும் எண்ணிக் கடலின் நிலையை அறிதல் இயலாது. அதைப் பிடிக்க எத்தனை படகுகள் சென்றன, எவ்வளவு நேரம் வலை இழுத்தன, அகப்பட்டவற்றுள் குஞ்சுகள் எத்தனை என்பவற்றையும் அறிதல் வேண்டும். 1947-இல் தோன்றிய மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம், மீன் இறங்கும் துறைகளில் சில நாள்களையும் சில படகுகளையும் மாதிரியாகக் கொண்டு நாட்டின் மொத்த மீன்பிடிப்பை மதிப்பிட்டு வருகிறது.

கணக்கும் பிழைபடுவது உண்டு. கனடாவின் நியூபவுண்டுலாந்துக் கடலில் காட் என்னும் மீன் அருகி வருவதைக் கரையோர மீனவர் 1980-களிலேயே எடுத்துரைத்தனர். பெரிய இழுவைக் கப்பல்களோ எஞ்சிய கூட்டங்களைத் தேடிப் பிடித்து வந்தன. அவற்றின் பிடிப்பு குறையாமையால் மீன் மிகுந்துள்ளது என்று கணித்தோர் மயங்கினர். 1992-இல் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் தொழில் இழந்தனர். அங்கே பொய்த்தது கணிதம் அன்று. அதற்குக் கொடுக்கப்பட்ட செய்தியே.

வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் வாழும் மீனவர் நீரோட்டத்தையும் காற்றையும் மீனின் வரவையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர்கள். அவர்கள் அறிவு கணக்கேட்டில் ஏறுதல் வேண்டும். உதவித்தொகை ஒருபுறம் இருக்க, தடைக்காலத்தின் சுமையைத் தாங்குவோருக்கு அதன் காரணத்தை எண்களோடு எடுத்துரைப்பது அரசின் கடமை. கண்டதை மறையாது உரைப்பது மீனவர் கடமை. படகில் செல்வோரும் ஏட்டில் எழுதுவோரும் ஒருவரையொருவர் நம்பினால், நாளைய தலைமுறைக்கும் வலையில் மீன் இருக்கும்.