கடலூருக்கு இடம் உண்டு... சிதம்பரத்துக்கு இல்லையாம்!

ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓர் அட்டவணை. ஊர்ப்பெயர் எழுத 20 இடம் கொண்ட ஒரு கட்டம். அதில் தமிழில் 'கடலூர்' என்று பதிந்தால் ஏற்றுக்கொள்கிறது. 'சிதம்பரம்' என்று பதிந்தால், நீளம் அதிகம் என்று பிழை காட்டித் திருப்பி அனுப்புகிறது. விரல்விட்டு எண்ணினால் சிதம்பரத்தில் ஆறே எழுத்துதானே?

இதே வேலையை மைஎஸ்க்யூஎல்லில் செய்தால் சிதம்பரம் என்ன, காட்டுமன்னார்கோயிலே உள்ளே போய்விடும். ஏன் இந்தப் பாகுபாடு?

ஒரே மொழி, பல வட்டார வழக்கு

டேட்டாபேஸில் இருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் மொழிதான் எஸ்க்யூஎல். ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் இதை அறிமுகப்படுத்தினார்கள். இன்று வங்கிக் கணக்கிலிருந்து ரயில் டிக்கெட் வரை, ஏன், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் டேட்டாபேஸ் இருக்கிறது.

இந்த மொழிக்குப் பொது இலக்கணம் வந்தது 1986-ல்தான். ஆரக்கிள் 1979-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. இலக்கணத்துக்கு முன்பே வட்டார வழக்குகள் பிறந்துவிட்டன. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் போல, அடிப்படை ஒன்றுதான், பேச்சு வேறு.

கத்தும் பிழை நல்ல பிழை

சிதம்பரத்தில் ஹாஸ்டல் அறை லேப்டாப்பில், மைஎஸ்க்யூஎல்லில் புராஜெக்ட் செய்த ஒரு மாணவி, அதைக் கடலூரில் ஓர் அலுவலகத்தின் ஆரக்கிளில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'முதல் 10 பேர் மட்டும்' என்று கேட்க, மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் வரியின் கடைசியில் 'லிமிட் 10' போட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ஆரம்பத்திலேயே 'டாப் 10'. ஆரக்கிளில் 2013-ல் வந்த 12சி பதிப்பிலிருந்து 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்'. மாற்றிப் போட்டால் பெரும்பாலும் உடனே பிழை வரும். எரிச்சல்தான். ஆனால், தப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பிழை காட்டாமல் ஓடிவிடும் வரிகள்தான் ஆபத்து.

ரேங்க் லிஸ்ட்டில் முதலிடம் காணோம்!

பழைய ஆரக்கிளில் 'ரோநம்' என்று ஒன்று உண்டு. 'ரோநம் 10-க்குள்' என்று நிபந்தனை போட்டு, அதே வரியில் மதிப்பெண்படி வரிசைப்படுத்தச் சொன்னால் என்ன நடக்கும்? முதலில் கைக்குக் கிடைத்த 10 பேரை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அவர்களை மட்டும் வரிசைப்படுத்தும். உண்மையில் முதல் மதிப்பெண் வாங்கியவர் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. முதலில் வரிசைப்படுத்திவிட்டு, அந்த முடிவிலிருந்து 10 பேரை எடுக்கச் சொல்வதுதான் சரி.

இனிஷியல் இல்லாவிட்டால் பெயரே இல்லை

இனிஷியலையும் பெயரையும் ஒட்ட, ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இரட்டைச் செங்குத்துக் கோடு போடுவார்கள். இனிஷியல் கட்டம் நிரப்பப்படாமல் 'நல்' என்ற வெற்று மதிப்பாக இருந்தால், ஆரக்கிள் பெயரை மட்டும் தரும். போஸ்ட்கிரெஸில் பெயரும் சேர்ந்தே காணாமல் போகும். மைஎஸ்க்யூஎல்லிலோ வழக்கமான அமைப்பில் அந்தக் கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள். இனிஷியல் இருந்தாலும்கூட, பெயருக்குப் பதில் 0 வந்து நிற்கும்!

இதற்கு மருந்து, 'கோயலஸ்' என்ற கட்டளை. 'இது வெற்றாக இருந்தால் அதை எடுத்துக்கொள்' என்று சொல்லும். இங்கே சொன்ன எல்லா டேட்டாபேஸிலும் இது வேலை செய்யும்.

சிதம்பர ரகசியம் இதுதான்

நாம் 'சி' என்பதை ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். கம்ப்யூட்டர், 'ச' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. புள்ளிக்கும் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் கடலூர் 6, சிதம்பரம் 9, காட்டுமன்னார்கோயில் 19. யூடிஎஃப்-8 முறையில் தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. கடலூருக்கு 18 பைட், சிதம்பரத்துக்கு 27.

மைஎஸ்க்யூஎல்லில் 20 என்றால் 20 குறிகள். ஆரக்கிளில் தனியாகச் சொல்லாவிட்டால் 20 பைட். அதனால்தான் கடலூர் உள்ளே, சிதம்பரம் வெளியே. அட்டவணை அமைக்கும்போது 20-க்குப் பின்னால் 'சார்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், ஆரக்கிளும் குறிகளாக எண்ணும்.

எஸ்க்யூஎல் சர்வரில் சிக்கல் இன்னும் மோசம். தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தைப் போட மறந்தால், வழக்கமான அமைப்பில் சிதம்பரம் ஒன்பது கேள்விக்குறிகளாகப் பதிவாகிவிடும். அதிலிருந்து பெயரை மீட்க முடியாது. மறுபடி கேட்டுத்தான் பதிய வேண்டும். ஊர்ப்பெயர் என்றால் பரவாயில்லை. ஆயிரம் பேரின் பெயர்கள் என்றால்?

டேட்டாபேஸ் மாற்றுபவர்கள் கவனத்துக்கு...

* எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

* பிழைச் செய்தி ஒரு சொல்லைக் காட்டினால், அதற்குச் சற்று முன்னாலும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

* நீளமான வரியை அப்படியே ஓட்டாதீர்கள். துண்டு துண்டாக ஓட்டிப் பாருங்கள்.

* ஐந்தே பதிவுகளோடு ஒரு சோதனை அட்டவணை போடுங்கள். அதில் இனிஷியல் இல்லாத ஒருவர், தமிழில் எழுதிய ஒரு பெயர், மாவட்டத்திலேயே நீளமான ஓர் ஊர் கட்டாயம் இருக்கட்டும்.

* ஒரே கேள்வியைப் பழையதிலும் புதியதிலும் கேட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 'பிழை வரவில்லை' என்பதும் 'விடை சரி' என்பதும் ஒன்றல்ல.

* இவை எல்லாம் முடியும்வரை பழைய டேட்டாபேஸை அழிக்காதீர்கள்.