உலோகம் எங்கே போய்ச் சேருகிறது?

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்துக்கு வரும் நிலக்கடலை மண்ணுக்குள் காய்க்கிற பயிர். அந்த ஊருக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் திருப்பூரின் சாயப்பட்டறைகள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது இங்கே சோற்றோடு ஒட்டிய கேள்வி.

கழிவுநீரில் பாக்டீரியாவை விட்டால் கன உலோகமெல்லாம் போய்விடும் என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. உலோகம் தனிமம், எந்த உயிராலும் அதைத் தின்று தீர்க்க முடியாது. வடிவத்தைத்தான் மாற்ற முடியும். நீரில் கரைந்து நிற்கும் நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சில பாக்டீரியாக்கள் மூன்று இணைதிறனுக்கு இறக்குகின்றன; அது எளிதில் கரையாமல் அடியில் படிகிறது. வேறு சில, காற்றில்லாத இடத்தில் சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். துத்தநாகம், தாமிரம், காட்மியம் அதோடு சேர்ந்து சல்பைடாகப் படிந்துவிடும்.

இது ஆய்வகத்தோடு நின்றுபோன விஷயமல்ல. நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலை, மாசுபட்ட நிலத்தடி நீரை 1992 முதல் இப்படித்தான் சுத்திகரித்தது. படிந்த துத்தநாக சல்பைடை உலைக்கே திருப்பி அனுப்பியது. பாராட்ட வேண்டியது இந்தக் கடைசி வேலையைத்தான்: உலோகம் போய்ச்சேரும் இடத்தை முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

திருப்பூரின் கணக்கு வேறு. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. அங்கே முதல் எதிரி உப்பு. சோடியம் குளோரைடை எந்த பாக்டீரியாவாலும் நீக்க முடியாது, அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும்தான். இதை மறைத்துவிட்டு நுண்ணுயிர்ப் பொடியைக் குளத்தில் தூவச் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் உலோகமும் இருக்கிறது. பருத்தி பனியனுக்கு ஏற்றும் டர்காய்ஸ் நீலச் சாயத்தின் மூலக்கூறிலேயே தாமிரம் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் உயிரியல் தொட்டிகளில் சாயக்கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள், யாரும் கேட்காமலேயே உலோகத்தில் ஒரு பங்கைத் தங்கள் மேல் ஒட்டவைத்துக்கொள்கின்றன. அது கசடோடு சேர்கிறது. கசடு மழையில் கரைந்தால் நிலத்துக்கே திரும்பும்.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. ஆலை நின்ற பிறகும் நிலத்தடி நீரில் குரோமியம் இறங்கியது.

ஆகவே மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். உப்பின் அளவோடு தாமிரம், குரோமியம், துத்தநாகத்தின் அளவையும் நிலையவாரியாக, கிணற்றுவாரியாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு டன் கசடும் எங்கே போனது என்ற பதிவேட்டை சேவூர் கிராமசபையில்கூடக் கேட்டுப் படிக்க முடிய வேண்டும். சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கான சோதனை நிலையத்தை ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலுக்குள் அமைக்கலாம். படியும் தாமிரத்தை வாங்கிக்கொள்ளும் உருக்காலையோடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு.