பூனைக்குமா லைசென்ஸ்?

கீ வெஸ்ட்டில் ஹெமிங்வே வீட்டைப் பார்த்துட்டு வந்தவங்க கிட்ட "என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பத்துல எட்டு பேர் பூனையைத்தான் சொல்வாங்க. நானும் அந்த எட்டுல ஒருத்தன் தான் :-)

1851ல கட்டின வீடு. 1931ல இருந்து 1939 வரைக்கும் ஹெமிங்வே இங்க குடியிருந்தார். தோட்டத்துல ஒரு நீச்சல்குளம் இருக்கு. வீட்டை வாங்கினது 8,000 டாலருக்கு, குளம் வெட்டினது 20,000 டாலருக்குன்னு கைடு சொல்லும்போது எல்லாரும் சிரிக்கறாங்க. எழுதற அறையை கம்பிக்கு வெளியே நின்னு எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனா பூனை அப்படி இல்லையே! கட்டில்ல படுத்திருக்கும், படியில படுத்திருக்கும், நம்ம கால்லயே வந்து உரசும். ஐம்பது அறுபது இருக்கும். சாதாரணப் பூனைக்கு முன்னங்காலில் அஞ்சு விரல், பின்னங்காலில் நாலு. இங்க பாதிப் பூனைக்கு முன்னங்காலில் ஆறு, சிலதுக்கு அதுக்கும் மேல. பார்த்தா கையுறை போட்ட மாதிரி இருக்கு. ஒரு கப்பல் கேப்டன் ஹெமிங்வேக்குக் கொடுத்த வெள்ளைப் பூனையோட வம்சம்னு சொல்றாங்க. நம்பாதவங்களும் உண்டு.

சரி, மேட்டருக்கு வர்றேன். இந்தப் பூனைங்களுக்காக ஒரு கேஸ் நடந்தது தெரியுமோ? அமெரிக்க வேளாண்மைத் துறை, "நீங்க விலங்கைக் காட்டிக் காசு வாங்கறீங்க, அதனால லைசென்ஸ் எடுக்கணும்"னு அருங்காட்சியகத்துக்கிட்ட சொல்லிடுச்சு. சர்க்கஸ் புலிக்கு இருக்கற அதே விலங்கு நலச் சட்டம். ராத்திரி கூண்டுல அடைங்க, இல்லேன்னா சுவருக்கு மேல மின்கம்பி போடுங்க, இல்லேன்னா காவலுக்கு ஆள் வைங்கன்னு நிபந்தனை வேற. அருங்காட்சியகம் கோர்ட்டுக்குப் போச்சு. 2012 டிசம்பர்ல அப்பீல் கோர்ட், அதிகாரிகள் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

இதைக் கேட்டவங்க பெரும்பாலும் "அரசாங்கத்துக்கு வேற வேலையே இல்லையா"ன்னு தான் சிரிச்சாங்க. எனக்கு அப்படித் தோணல. கூண்டு, மின்கம்பி எல்லாம் அபத்தம், ஒத்துக்கறேன். தலைமுறை தலைமுறையா தோட்டத்துல திரிஞ்ச பூனையை கூண்டுல போட்டா அது தாங்குமா? ஆனா தீர்ப்போட அடிப்படை சரிதான். டிக்கெட் விக்குது, விளம்பரத்துல பூனை, கடையில பூனை பொம்மை. அந்தக் காசுல ஒரு பங்கு பூனை சம்பாதிச்சது இல்லையா? சம்பாதிக்கற ஜீவனுக்கு சோறு, வைத்தியம், பாதுகாப்பு எல்லாம் முதலாளியோட நல்ல மனசை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கேக்கறதுக்கு வெளியில ஒரு ஆள் வேணும்.

"அங்க நல்லாத்தானே பார்த்துக்கறாங்க"ன்னு சொல்வீங்க. ஆமா. டாக்டர் வாராவாரம் வர்றார். 2017 செப்டம்பர்ல இர்மா புயல் வந்தப்ப, தீவைக் காலி பண்ணச் சொல்லியும் ஊழியர்கள் சிலர் போகாம பூனைகளோட உள்ளேயே இருந்தாங்க. 54 பூனையும் பிழைச்சது. கனமான சுண்ணாம்புக்கல் சுவர், தாங்கிடுச்சு.

அந்த ஊழியர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா அவங்க ரிடையர் ஆனதுக்கு அப்புறம் வர்ற ஆளும் அப்படியே இருப்பார்னு யார் எழுதிக் கொடுக்க முடியும்? பூனையால போய் புகார் கொடுக்க முடியாதுங்க, விரல் ஆறு இருந்தாலும்.